கேட்டால் கொடுத்துவிடு

நான் ஓட்டும் மவுண்டன் பைக்கின் உண்மையான விலை அம்மாவுக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டபோது ஒரு பூச்சியத்தைக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, "கொப்பற்ற றலி முப்பது வருசம் ஓடினது, தெரியுமே?" என்று கேட்டுவிட்டுப் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

இங்கிலாந்தில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள, காட்டுப் பாதையில் நம்பி இறக்கக்கூடிய சைக்கிளைப் புதிதாக வாங்கப்போனால் மூவாயிரம் நாலாயிரம் பவுண் என்பது சாதாரண விலை. காபன் சட்டம், மின்மோட்டார் என்று ஆசைப்பட்டால் 10,000 பவுணையும் தாண்டும். வீட்டு வாசலில் நிற்கும் என் பழைய காரை விற்றால் அந்தச் சைக்கிளின் முன்சில்லும் போர்க்கும் வாங்கலாம், அவ்வளவுதான். இத்தனை பெறுமதியான ஒன்றை, ஒருவர் தனியாகத் தூக்கக்கூடியதை, இலக்கத்தகடும் சாவியும் இல்லாததை, ஆளரவமற்ற காட்டுக்குள் நாங்களாகவே கொண்டுபோகிறோம். கள்ளனுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாராலும் செய்துகொடுக்க முடியாது.

சைக்கிள் களவுபோய்விடுமோ என்ற பயம் எனக்கு லண்டனில் வந்த பயமல்ல. 1990இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல் கண்ணால் காணாத பொருளாயிற்று. அதன்பிறகு குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகுக் கட்டு, அரிசி மூட்டை, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண், பள்ளிக்கூடம் போகும் நாங்கள், எல்லாம் கரியரிலும் பாரிலும்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது நாங்களும் அப்பாவின் றலியைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம். கரியரில் அரிசி, பாரில் தம்பி, காண்டிலில் ஒரு குடம். அந்தச் சைக்கிள் அன்று தொலைந்திருந்தால் அரிசியையா தம்பியையா அப்பா தூக்கியிருப்பார் என்று நாங்கள் இன்றும் தம்பியைச் சீண்டுவதுண்டு.

அந்தக் காலத்திலும் சைக்கிள் கள்ளர் இருந்தார்கள். அதற்கேற்ற காவலும் இருந்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகள் பலவும் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாகிவிடும். இலக்கம் எழுதிய மட்டையின் ஒரு பாதி காண்டிலில் தொங்கும், மறுபாதி நம் கையில் இருக்கும். மட்டையைத் தொலைத்தவன் கடைசிச் சைக்கிளும் வெளியே போகும்வரை நிற்கவேண்டியதுதான். எவ்வளவு அழுதாலும் வளவுக்காரர் அசையமாட்டார். சில்லறைக் காசுக்குக் கிடைத்த அந்தக் காவலுக்கு நிகரான ஒரு காப்புறுதியைப் பிறகு நான் எங்கும் வாங்கவில்லை.

என்னைக் காட்டுச் சைக்கிளுக்கு இழுத்துவிட்டவர் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய சைக்கிளை எனக்குத் தந்து சரே ஹில்ஸுக்குக் கூட்டிப்போனார். லண்டனுக்குத் தெற்கே, காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அங்கே உயரமானது லீத் ஹில், 294 மீற்றர். மலைநாட்டைப் பார்த்தவர்கள் இதை மலை என்று சொல்லச் சற்றுக் கூசுவார்கள், ஆனால் தென்கிழக்கு இங்கிலாந்தின் மிக உயரமான இடங்களில் இதுவும் ஒன்று. அதற்கு மேற்கே ஹோம்பரி ஹில், பிச் ஹில். பைன் மரங்களின் வேர்கள் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதைகள், மணல் கலந்த மண், மழை பெய்தாலும் ஓரளவு வடிந்துவிடும். ஹோம்பரியிலிருந்து பீஸ்லேக் கிராமத்தை நோக்கி இறங்கும் 'பரி நோஸ் பெஸ்ட்' என்ற பாதையில் முதன்முறை இறங்கியபோது பிறேக்கை விடவே இல்லை. கை விறைத்துப்போய்விட்டது. கீழே வந்ததும் இன்னொருமுறை போவோமா என்று கேட்டதும் நான்தான்.

அந்தக் காட்டுக்கு ஒரு கதை உண்டு. ஹேர்ட்வூட் என்று சொல்லப்படும் அந்த நிலம் தனியாருடையது. 1926இல் அதன் உரிமையாளரான ரெஜினால்ட் பிறே, பொதுமக்கள் காற்று வாங்கவும் உடற்பயிற்சி செய்யவும் அங்கே வந்துபோகலாம் என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார். வாகனத் தரிப்பிடங்களுக்கும் கட்டணமில்லை. பராமரிப்புக்கு விரும்பியதைக் கொடுக்கலாம். வாசற்கதவு இல்லை, காவலாளி இல்லை. அந்தப் பெருந்தன்மைதான் எங்களை அங்கே வரவழைக்கிறது. கள்ளர்களும் அதே வாசலால்தான் வருகிறார்கள்.

கொஞ்சக் காலத்தில் நாங்களே ஒரு கூட்டமானோம். ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவர்களின் மைத்துனர்மார், பிறகு இங்கே பிறந்து வளர்ந்த ஒரு கடைக்குட்டி. எங்களில் மூத்தவர் தொழிலால் கணக்காளர். அவரை எல்லாரும் அண்ணை என்போம்.

காட்டுத் தரிப்பிடத்தில் இறங்கியதும் அண்ணை முதலில் பார்ப்பது நிலத்தைத்தான். கார்க் கண்ணாடி நொருங்கினால் கல்லுப்புக் கொட்டியது மாதிரிக் கிடக்கும். பழையதென்றால் மண்ணோடு மண்ணாகி மங்கியிருக்கும். புதிதென்றால் வெயிலில் மினுங்கும். மினுங்கினால் அண்ணை மறுபேச்சில்லாமல் காரைத் திருப்பி அடுத்த தரிப்பிடத்துக்கு விடுவார். காருக்குள் பையை ஒளிப்பதும் அங்கே வந்து ஒளிக்கக்கூடாது. மரத்தடியில் நாயோடு நிற்பவரெல்லாம் நாய்க்காகத்தான் நிற்கிறார் என்றில்லை. பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு அட்டையை மட்டும் போன் உறைக்குள் செருகிக்கொண்டு வரவேண்டும். கார்ச் சாவியைச் சில்லின்மேல் வைத்துவிட்டுப் போகும் பழைய பழக்கத்தை எங்கள் கூட்டத்தில் அவர் தடைசெய்துவிட்டார். "கள்ளனுக்கு அந்த இடம் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? அவன்ர கொப்பனும் அங்கதான் வைச்சவன்."

பீஸ்லேக் கிராமத்துக் கடையில் விற்கும் சீஸ் ஸ்ட்ரோ அந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர் மத்தியில் பிரசித்தம். உள்ளங்கையைவிட நீளமான, சீஸ் ஊறிய, கடித்தால் உதிரும் பண்டம். மேலே ஏறிக் களைத்து இறங்கியவனுக்கு அது அமிர்தம். முன்பெல்லாம் கடை வாசலில் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்துவிட்டு எல்லாரும் உள்ளே போவோம். பிறகு ஒருவர் வெளியே நிற்பது வழக்கமாயிற்று. இப்போது அந்தக் காவல்காரர் தன் சைக்கிளின் பாரிலே இருந்தபடி, மற்றவர்களின் சைக்கிள்களில் கண்ணை வைத்துக்கொண்டு, நாங்கள் கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிடுகிறார். முறைவைத்து மாற்றிக்கொள்கிறோம். வெள்ளைக்காரக் கூட்டங்களும் அப்படித்தான் செய்கின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம், வயற்காவலுக்கு வந்தவர்கள் மாதிரி.

இவ்வளவு கவனமான அண்ணையின் சைக்கிள்தான் களவுபோனது. காட்டில் அல்ல, வீட்டில். பின்வளவில் இருந்த மரக்கொட்டிலுக்குள் அவருடையதையும் மகனுடையதையும் சேர்த்துத் தடித்த சங்கிலியால் பூட்டி வைத்திருந்தார். விடிய எழும்பிப் பார்த்தால் கொட்டிலின் கதவு பிணைச்சலோடு கழன்று புல்லில் கிடந்தது. பூட்டைக் கள்ளர்கள் தொடவே இல்லை. கதவுப் பிணைச்சலின் திருகாணிகளை ஆறுதலாகக் கழற்றிவிட்டு, இரண்டு சைக்கிளையும் பூட்டியபடியே சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது திருகாணிகள் படிக்கட்டில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. அவசரமே இல்லாத களவு.

பொலிஸ் இணையத்தில் முறைப்பாட்டை வாங்கி ஒரு குற்ற இலக்கம் அனுப்பியது. சில நாளில், மேலதிகத் தடயம் இல்லாததால் விசாரணை முடிவுற்றது என்று இன்னொரு மின்னஞ்சல். காப்புறுதிக் கம்பனி கேட்ட கேள்விகள்தான் நீளமானவை. பூட்டு என்ன தரம்? ரசீது உண்டா? சட்டத்தின் இலக்கம் என்ன? சைக்கிளை எதனோடு பூட்டியிருந்தீர்கள்? ஒன்றை மற்றதோடு பூட்டியிருந்தேன் என்று அண்ணை உள்ளதைச் சொன்னார். அங்கே மாட்டிக்கொண்டார். அசையாத பொருளோடு பூட்டியிருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். ஒரு சைக்கிள் இன்னொரு சைக்கிளுக்கு அசையும் பொருளே. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் ஒப்பந்தங்களை வரிவரியாக வாசித்துச் சம்பாதித்த மனிதர், தன்னுடையதில் இந்த ஒரு வரியை விட்டுவிட்டார். கம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பூட்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். இங்கே சோல்ட் செக்கியூர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1992இல் நோர்தம்பிரியா, எசெக்ஸ் பொலிஸ் படைகள் உள்துறை அமைச்சின் உதவியோடு தொடங்கியது. இப்போது பூட்டுத் தொழிலாளர் சங்கத்தின் கையில் இருக்கிறது. பூட்டுகளை வெட்டியும் நெம்பியும் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுப்பார்கள். காப்புறுதிக்காரர்கள் பெரும்பாலும் அந்தத் தரத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் பற்றரியில் ஓடும் கையடக்கக் கிரைண்டர் வந்தபின் நிலைமை மாறிவிட்டது. சாதாரண டீ வடிவப் பூட்டை அது ஒரு நிமிடத்துக்குள் அறுத்துவிடும். பட்டப்பகலில், சனம் நடந்துபோகும் தெருவில், தீப்பொறி பறக்க அறுக்கிறார்கள். கடந்துபோகிறவர்கள் இயர்போனைச் சரிசெய்துகொண்டு போகிறார்கள். கிரைண்டரின் தட்டையே தேய்த்துத் தின்னும் பூச்சுள்ள பூட்டுகள் 2021 வாக்கில் வரத் தொடங்கின. விலை ஒரு காலத்தில் நான் வாங்கிய முழுச் சைக்கிளின் விலை. பாரமோ, அதைச் சுமந்துகொண்டு ஹோம்பரி ஏறமுடியாது. ஆகவே அது வீட்டுக்குத்தான்: சுவரிலோ சீமெந்துத் தரையிலோ வளையம் இறுக்கி அதோடு பூட்டவேண்டும். அண்ணை இப்போது கொட்டிலை இடித்துவிட்டார். புதுச் சைக்கிள் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நிற்கிறது. அவரின் மனைவி அதற்கு ஒரு பழைய சேலையால் போர்வை தைத்திருக்கிறா. வருகிறவர்கள் முதலில் வீணை என்று நினைக்கிறார்கள்.

களவெடுத்தவர்களுக்குக் கொட்டில் எப்படித் தெரிந்தது என்று நாங்கள் பலநாள் பேசியிருக்கிறோம். காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் வரும்போது பின்னால் வந்திருக்கலாம். வாசலில் சைக்கிள் கழுவும்போது கண்டிருக்கலாம். இன்னொரு வழியைக் கடைக்குட்டி காட்டினான். ஓடிய பாதையை வரைபடத்தில் பதிந்து எல்லாருக்கும் காட்டும் ஸ்ட்ராவா செயலியில் அண்ணையின் கணக்கைத் திறந்தான். ஒவ்வொரு ஓட்டமும் அவருடைய வீட்டுக் கதவில் தொடங்கி வீட்டுக் கதவில் முடிந்திருந்தது. என்ன சைக்கிள், எந்த வருட மாதிரி என்பதும் படத்தோடு இருந்தது. கள்ளர் அதைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல எங்களிடம் ஆதாரமில்லை. ஆனால் அன்றிரவே எல்லாரும் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டோம். நான் இரண்டு தெரு தள்ளியே பதிவை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கணக்கில்லாமல் ஓட்டுகிறேன். அந்த இரண்டு தெரு ஏற்றத்துக்கும் எனக்குப் புள்ளி கிடையாது, அது வேறு கவலை.

களவுபோன சைக்கிளைத் தேடுவதும் ஒரு வேலைதான். பழைய பொருள் விற்கும் இணையத்தளங்களை இரவிரவாகப் புரட்டினோம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது எல்லாருக்கும் சைக்கிள் ஆசை வந்து கடைகளில் புதியது கிடைக்காமல் போனதிலிருந்து பழையதற்கும் நல்ல விலை இருந்தது. ஒருமுறை அண்ணையின் மகனுடையதைப் போன்ற ஒன்று கிழக்கு லண்டனில் விற்பனைக்கு வந்தது. சட்டத்தில் ஒரு கீறல்கூட அதே இடத்தில். கடைக்குட்டி உடனே நாலுபேராகப் போவோம் என்று துள்ளினான். போகக்கூடாது என்று அண்ணை ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பொலிஸின் 101 இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னோம். அந்தச் சைக்கிள் இன்னாருடையதுதான் என்று காட்ட இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மகனுடையதன் இலக்கம் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. மறுநாள் விளம்பரம் மறைந்துவிட்டது.

பொலிஸார் கைப்பற்றிய சைக்கிள்கள் களஞ்சியங்களில் உரிமை கோர ஆளில்லாமல் கிடப்பதும் இதனால்தான். பைக் ரெஜிஸ்டர் என்று ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. சட்ட இலக்கத்தையும் படத்தையும் அங்கே பதிந்துவைக்கலாம். பொலிஸ் சைக்கிள் ஒன்றைப் பிடித்தால் அங்கே தேடிப்பார்ப்பார்கள். அப்பாவின் றலியில் உள்ளூராட்சிச் சபைக்கு வருடாவருடம் காசு கட்டி வாங்கிய தகரத் தகடு ஒன்று இருந்தது. அதன் இலக்கம் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். பல்லாயிரம் பவுண் சைக்கிளின் இலக்கம் அதன் சொந்தக்காரருக்கே தெரியாமல் இருப்பதை அப்பா நம்பியிருக்கமாட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் பொருள் போகும் கவலை. உயிருக்குப் பயப்படத் தொடங்கியது 2021 ஒக்ரோபருக்குப் பிறகு. றிச்மண்ட் பார்க்கில் தொழில்முறைச் சைக்கிளோட்ட வீரர் அலெக்சாண்டர் றிச்சட்சனை முகமூடி அணிந்த நால்வர் மோட்டார்சைக்கிள்களில் துரத்தி வந்து இடித்து விழுத்தி, பெரிய வாளைக் காட்டிச் சைக்கிளைப் பறித்துப்போனார்கள். மான்கள் மேயும், குழந்தைகள் விளையாடும் பூங்கா அது. அவர் தொழிலே வேகமாக ஓட்டுவதுதான். அவராலேயே தப்ப முடியாவிட்டால், தொந்தியோடு மூச்சு வாங்கி ஏறும் நாங்கள் எந்த மூலைக்கு?

எங்கள் முறை வந்தது ஒரு மார்கழி மாலையில். குறொய்டனுக்குத் தெற்கே, வீடுகள் முடிந்து காடு தொடங்கும் ஓரம். நாலு மணிக்கே இருட்டிவிடும் காலம். மற்றவர்கள் பின்னால் ரயர் ஒன்றுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்க, நானும் கடைக்குட்டியும் கேற்றடியில் நின்றோம். சத்தமே இல்லாமல் ஒரு மின்சார வண்டி வந்து நின்றது. சைக்கிளுமல்ல மோட்டார்சைக்கிளுமல்ல, விளக்குமில்லை. அதில் இரண்டு பேர். கண் மட்டும் தெரியும் கம்பளி முகமூடி. பின்னால் இருந்தவன் இறங்கி என் சைக்கிளின் பிறேக்கைப் பிடித்தான். அமுக்கினான், விட்டான், மறுபடி அமுக்கினான். சந்தையில் மாம்பழம் பார்ப்பவனின் அக்கறை அந்த விரல்களில் இருந்தது. கையுறையின் ஆட்காட்டி விரல் நுனி வெட்டப்பட்டிருந்ததும், நகம் சுத்தமாக வெட்டியிருந்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பதினாறு பதினேழு வயதுக்கு மேலிருக்காது.

எவ்வளவு என்று கேட்டான். பழையது, எண்ணூறு பவுணுக்கு வாங்கியது என்றேன். அம்மாவிடம் சொன்ன பொய்யைவிட இது நன்றாக வந்தது. ஒரு ரவுண்ட் ஓடிப்பார்க்கட்டுமா என்றான். கடைக்குட்டிக்கு உடம்பு விறைப்பதை நான் கண்டேன். அவன் வாய் திறப்பதற்கு முன் சைக்கிளிலிருந்து இறங்கினேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் சைக்கிள் நிற்கும்படி மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். கை காண்டிலில் பட்டும் படாமலும் இருந்தது. அந்த நேரம் பின்னாலிருந்து எங்கள் ஆட்களின் தலைவிளக்குகள் வளைவில் திரும்பின. ஒன்று, இரண்டு, பிறகு நாலைந்து. அவன் பிறேக்கை விட்டான். "நைஸ் பைக், அங்கிள்" என்றான். போய்விட்டார்கள்.

காரில் வரும்போது கடைக்குட்டிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "அண்ணா, நீங்க குடுத்திருப்பீங்களா?"

"ஓம். கேட்டிருந்தா ஹெல்மெற்றையும் சேர்த்துக் குடுத்திருப்பன்."

"ரெண்டே பேர்தானே!"

"ரெண்டு பேர். மூண்டாவதா ஒண்டு அவங்கட பையுக்குள்ள இருந்திருந்தா?"

அவன் பேசவில்லை. அண்ணைதான் பேசினார். சட்டத்தின் கண்ணிலும் தன் கொட்டிலில் நடந்ததும் இன்று நடக்கவிருந்ததும் ஒன்றல்ல என்றார். ஆளில்லாத கொட்டிலிலிருந்து எடுத்துப்போவது களவு. பயமுறுத்தியோ அடித்தோ பறிப்பது கொள்ளை. 1968ஆம் ஆண்டுக் களவுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைவரை போகலாம். ஆயுள் தண்டனைக்கு அஞ்சாமல் வந்து நிற்பவனோடு இழுபறிப்படுவதற்கு ஒரு சைக்கிள் போதுமான காரணமா?

அன்று காருக்குள் எங்களுக்குள் ஓர் உடன்பாடு வந்தது. களவுக்கு எதிராக வீட்டில் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்வது, பறிக்க வந்தால் காட்டில் எதையும் செய்யாமல் கொடுத்துவிடுவது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பது என் அபிப்பிராயம். இலக்கம் பதிந்து, காப்புறுதி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தையும் வாசித்து வைத்திருப்பவனுக்குத்தான் கையை விட மனம் வரும். ஒன்றும் செய்யாதவன் அந்த இடத்தில் நின்று நாலாயிரம் பவுணைக் கணக்குப் பார்ப்பான்.

இந்த உடன்பாட்டை அக்காவின் மகளுக்கு நான் பெருமையாகச் சொன்னேன். அவளும் ஓடுகிறவள், என்னைவிட நன்றாக இறங்குவாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"மாமா, உங்களுக்குச் சைக்கிளைக் குடுத்தாப் பிரச்சினை முடிஞ்சுது. ஆரும் எனக்குப் பின்னால வந்தா அவனுக்கு வேண்டியது சைக்கிள்தானெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

2021 மார்ச்சில் தென் லண்டனில் நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாரா எவரார்டைக் கடத்திக் கொன்றவர் சேவையில் இருந்த பொலிஸ்காரர். அந்தத் தெருக்கள் மருமகளுக்குப் பழக்கமானவை. அந்த வருடத்திலிருந்து அவள் காட்டுக்குத் தனியாகப் போவதில்லை. ஸ்ட்ராவாவில் படம், பெயர் இரண்டையும் எடுத்துவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்பது ஓடும் நேரம் முழுவதும் அக்காவின் போனில் தெரியும். இருட்டுவதற்கு முன் திரும்புகிறாள். குளிர்காலத்தில் அதன் அர்த்தம் பெரும்பாலும் ஓடாமலே இருப்பது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு இரவோட்டம் போகும் எங்கள் கூட்டத்துக்கு அவளை எத்தனையோமுறை கூப்பிட்டிருக்கிறோம். வருவதாகச் சொல்வாள். வருவதில்லை. அவளிடம் சொல்ல என்னிடம் ஓர் ஆலோசனையும் இல்லை. நல்ல பூட்டு வாங்கு என்றா சொல்வது?

மற்ற ஆபத்துகளை அதிகம் சொல்லப்போவதில்லை. பாதைக்குக் குறுக்கே கழுத்துயரத்தில் கம்பி கட்டிவைக்கும் விஷமிகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். சைக்கிள்காரர்மேல் அவ்வளவு வெறுப்பு. தெரியாத பாதையில் முதல் இறக்கத்தை மெதுவாக இறங்குவது அதனால்தான். காறை எலும்பு முறிவது எங்கள் விளையாட்டில் தடிமன் பிடிப்பது மாதிரி. அது நடக்கும்போது போனில் சிக்னல் இருக்காது. தனியாகப் போகிறவர் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும், ஒரு மணித்தியாலம் பிந்தினால் அவசர இலக்கமான 999 அடிக்கும்படியும். கிராமத்துச் சனம் எங்களைக் கண்டால் பயப்படுவதும் ஒன்று உண்டு: தலைவிளக்கோடு ஆறேழு மண்ணிற முகங்கள் இருட்டுக்குள்ளிருந்து வந்தால் சிலர் நாயின் கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறார்கள். குட் ஈவினிங் என்று முதலில் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னதும் கயிறு தளர்ந்துவிடும், பெரும்பாலும்.

இதை வாசிக்கிறவர்களில் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். விலை நூறு பவுணோ நாலாயிரமோ, இன்றைக்கே அதைக் கவிழ்த்து வையுங்கள். பெடல் அச்சு பொருந்தியிருக்கும் இடத்துக்குக் கீழே சட்டத்தில் பெரும்பாலும் ஓர் இலக்கம் வெட்டியிருக்கும். சேறு மூடியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். போனில் ஒரு படம் எடுத்து, அதை உங்களுக்கு மட்டுமல்லாமல் வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். யாராவது வழிமறித்துக் கேட்டால் அந்த இலக்கம் வீட்டில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு சைக்கிளைக் கொடுத்துவிட்டு நடந்து வாருங்கள்.